சரிவில் முளைத்தவையும் நிலைத்தவையும்: அர்ஜென்டினா நெருக்கடியின் சமூகக் கணக்கு

கடும் பொருளாதாரச் சரிவு வரும்போதெல்லாம், பணம் போனாலும் மனிதர்கள் நெருங்கி வந்தார்கள் என்று ஆறுதல் சொல்லும் குரல்கள் எழுவதுண்டு. 2001 டிசம்பரில் அர்ஜென்டினா நிலைகுலைந்தபோது அந்தக் குரல் உலகெங்கும் கேட்டது. பண்டமாற்றுச் சந்தைகள், தெருமுனைகளில் கூடிய மக்கள் அவைகள், முதலாளிகள் கைவிட்டுப் போன ஆலைகளைத் தொழிலாளர்களே ஓட்டிக் காட்டியது என்று அங்கிருந்து வந்த செய்திகள் பலருக்கும் நம்பிக்கை தந்தன. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆன பின் அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தால், சில முயற்சிகள் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை என்பதும், வேறு சில அந்தத் தலைமுறையையே தாண்டி வந்துவிட்டன என்பதும் தெரிகிறது. நெருக்கடியிலும் நன்மை உண்டு என்ற பொதுப்பேச்சைவிட, எது நிலைத்தது, எது கரைந்தது, ஏன் என்ற கேள்வியே நமக்குப் பயன் தரக்கூடியது.

முதலில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். 1980களின் இறுதியில் கட்டுக்கடங்காமல் ஏறிய விலைவாசியை அடக்குவதற்காக, தன் நாணயத்தை டாலரோடு கட்ட 1991இல் அர்ஜென்டினா சட்டமே இயற்றியது; 1992இல் புதிய நாணயமான பெசோ வந்ததும் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்றானது. விலைவாசி அடங்கியது, ஆனால் டாலரின் மதிப்பு ஏற ஏற அர்ஜென்டினாவின் பொருள்கள் வெளிச்சந்தையில் விலை கூடியவையாக மாறின, இறக்குமதிப் பொருள்கள் உள்நாட்டுப் பட்டறைகளை மூட வைத்தன. 1998இல் தேக்கம் தொடங்கியது. 1999 ஜனவரியில் அண்டை நாடான பிரேசில் தன் நாணயத்தின் மதிப்பைச் சரியவிட்டபோது, பெசோவை டாலரோடு கட்டியிருந்த கயிறு அர்ஜென்டினாவின் கழுத்தையே இறுக்கியது. அரசு கடன்மேல் கடன் வாங்கியது. 2001 இறுதியில் மக்கள் வங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து ஓடத் தொடங்கியதும், வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்கக் கூடாது என்று டிசம்பர் தொடக்கத்தில் அரசு ஆணையிட்டது.

சேமிப்பு முடங்கிப்போன நடுத்தர வகுப்பின் கதையாகவே இந்த ஆணை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உண்மையில் வங்கிக் கணக்கே இல்லாதவர்களை அது இன்னும் கடுமையாக அடித்தது. வீட்டு வேலை செய்பவர், தெருவில் விற்பவர், கட்டட வேலைக்குப் போகும் அன்றாடக் கூலி ஆகியோரின் வருமானம் முழுவதும் அடுத்தவர் கையில் உள்ள சில்லறையை நம்பியிருந்தது. கையில் ரொக்கம் இல்லாத குடும்பம் முதலில் நிறுத்துவது இவர்களுக்குக் கொடுக்கும் கூலியைத்தான். டிசம்பர் 19, 20 தேதிகளில் நகரங்களில் கடைகள் சூறையாடப்பட்டன. அரசு நெருக்கடி நிலையை அறிவித்த அன்றிரவே லட்சக்கணக்கானோர் பாத்திரங்களைத் தட்டியபடி வீதிக்கு வந்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் பெர்னாண்டோ டெ லா ருவா ஹெலிகாப்டரில் ஏறி மாளிகையை விட்டு வெளியேறினார். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் நாடு தன் வெளிக்கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. 2002இல் பெசோ டாலருக்கு நான்கு என்ற அளவை நெருங்கியது, உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 11 சதவீதம் சுருங்கியது. அந்த ஆண்டு மே மாதத்தில் வேலையின்மை 21.5 சதவீதம், அக்டோபரில் நகர்ப்புற மக்களில் 57.5 சதவீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர்.

தானியமும் மாட்டிறைச்சியும் ஏற்றுமதி செய்யும் நாட்டில், துக்குமான் மாநிலத்தில் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்த செய்தி அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த சிசு இறப்பு வீதம் 2001இல் ஆயிரத்துக்கு 16.3 ஆக இருந்து 2002இல் 16.8 ஆக உயர்ந்தது. இனி சொல்லப்போகும் எந்த நன்மையையும் இந்த எண்களுக்கு எதிராகத் தராசில் வைத்துச் சமன்செய்ய முடியாது. இழந்தவர்கள் ஒரு சாரார், பெற்றவர்கள் பெரும்பாலும் வேறொரு சாரார் என்பதே அதற்குக் காரணம்.

வறுமை தானாகவே ஒற்றுமையைப் பெற்றெடுப்பதில்லை. 1930களின் உலகப் பெருமந்தத்தின்போது வியன்னாவுக்கு அருகே மரியெந்தால் என்ற சிற்றூரில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்ட பிறகு, மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹன்ஸ் சைசல் ஆகியோர் தலைமையிலான குழு 1931–32இல் அங்கே தங்கி மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்தது. வேலை போனதால் நேரம் நிறையக் கிடைத்தது. ஆனால் நூலகத்தில் கட்டணம் இல்லாதபோதும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, சங்கங்களின் நடவடிக்கைகள் சுருங்கின, தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்தது. ஓய்வு நேரம் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்த ஊர் தந்த விடை இதுதான்.

அப்படியானால் அர்ஜென்டினாவில் ஏன் வேறுவிதமாக நடந்தது? நெருக்கடி வருவதற்கு முன்பே அங்கே இருந்த சமூகக் கட்டமைப்பில்தான் விடை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பல பத்தாண்டுகளாக வேரூன்றிய தொழிற்சங்க மரபு, ஒவ்வொரு பேட்டையிலும் இருந்த குடியிருப்போர் சங்கங்கள், ராணுவ ஆட்சியின்போது காணாமல் போனவர்களுக்காகத் தாய்மார்கள் நடத்திய நீண்ட போராட்டம், 1996இல் எண்ணெய் வயல் வேலைகளை இழந்த குத்ரல் கோ நகரத்து மக்கள் நெடுஞ்சாலையை மறித்ததிலிருந்து பரவிய வேலையற்றோர் இயக்கம் ஆகிய அனைத்தும் 2001இல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நெருக்கடி புதிதாக எதையும் படைக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றை வெளியே இழுத்துவந்தது.

பண்டமாற்றுச் சங்கங்களும் அவ்வாறே முன்பிருந்தவை. தலைநகர் பியூனஸ் அயர்ஸுக்குத் தெற்கே கில்மெஸ் வட்டாரத்தைச் சேர்ந்த பெர்னால் என்ற ஊரில், சூழலியல் ஆர்வம் கொண்ட ஏறத்தாழ 20 பேர் 1995 மே 1 அன்று முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சுட்ட ரொட்டியை இன்னொருவர் தைத்த சட்டைக்கு மாற்றிக்கொள்வதுதான் தொடக்கம். நேருக்கு நேர் மாற்றுவது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால் முதலில் கணக்கேட்டிலும் பிறகு அச்சிட்ட சீட்டுகளிலும் மதிப்பைக் குறித்துக்கொண்டார்கள். வாரச்சந்தைபோல் கூடிய இந்த இடங்களில் முடிவெட்டுவது, பல் பார்ப்பது, குழாய் சரிசெய்வது, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாமே சீட்டுக்குக் கிடைத்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2002இன் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, நாடு முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இவற்றில் பங்கெடுத்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது. வேலை போனதோடு தன் கைத்திறனுக்கும் மதிப்புப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குள் முடங்கியவர்களை அது வெளியே கொண்டுவந்தது; அந்த உளவியல் பயனை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலான சங்கங்கள் நொறுங்கிவிட்டன. இருபது முப்பது பேர் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் ஒரு சீட்டின் பின்னால் ஒரு முகம் இருந்தது. அது லட்சக்கணக்கானோரின் நாணயமானபோது, அச்சிடுபவர் யார், எவ்வளவு அச்சிட்டார், யாருக்குப் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அமைப்பு இல்லை. சீட்டுகள் அளவுக்கு மீறி அச்சாயின, கள்ளச் சீட்டுகள் புழக்கத்தில் வந்தன, சந்தைக்குள்ளேயே விலை ஏறியது. அடிப்படையான இன்னொரு சிக்கலும் இருந்தது. மாவு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைச் சங்கத்துக்குள் யாரும் விளைவிக்கவோ ஆட்டவோ இல்லை. அவற்றை வெளியே பெசோ கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பழைய துணியும் கைவினைப் பொருளும் மலிந்து, உணவு மட்டும் அருகியபோது, பசியோடு வந்தவருக்குச் சந்தையில் எதுவும் மிஞ்சவில்லை. அதே சமயம் 2002இல் வேலையற்ற குடும்பத் தலைவர்களுக்கு மாதம் 150 பெசோ தரும் அரசுத் திட்டம் வந்து, விரைவிலேயே ஏறத்தாழ 20 லட்சம் பேரை எட்டியது. கையில் சிறிதளவாவது நல்ல பணம் வந்ததும் சீட்டின் தேவை குறைந்தது.

பேட்டை அவைகளின் கதை இன்னும் சுருக்கமானது. தலைநகரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட அவைகள் தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் கூடின. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டெனாரியோ பூங்காவில் எல்லா அவைகளும் சேர்ந்து அமர்ந்தன. 2002 ஜனவரி 28 அன்று லா மத்தான்சா என்ற புறநகரிலிருந்து நடந்துவந்த வேலையற்றோர் பேரணியை, லினியெர்ஸ் பகுதியில் குடியிருப்போரும் கடைக்காரர்களும் சூடான பானமும் ரொட்டியும் கொடுத்து வரவேற்றார்கள். சாலை மறியலைக் கண்டு அதுவரை முகம் சுளித்த வகுப்பார் மறியல் செய்தவர்களோடு ஒரே முழக்கத்தை எழுப்பிய நாட்கள் அவை. ஆனால் நடுத்தர வகுப்பின் கோரிக்கை சேமிப்பைத் திரும்பப் பெறுவது, வேலையற்றோரின் கோரிக்கை வேலை. முதலாவது ஓரளவு தீர்ந்ததும் சாலை மறியல் மறுபடி எரிச்சலாக மாறியது. கட்சிகள் அவைகளைக் கைப்பற்ற முயன்றதும் பலரைச் சோர்வடையச் செய்தது. 2003க்குப் பிறகு மிஞ்சியவை, மூடிக்கிடந்த வங்கிக் கிளைகள் போன்ற கட்டடங்களில் உணவும் படிப்பும் வழங்கும் மையங்களாகத் தம்மை மாற்றிக்கொண்ட சில அவைகள் மட்டுமே.

நிலைத்தவற்றில் முதலிடம், தொழிலாளர்கள் மீட்ட ஆலைகளுக்கு. சம்பள பாக்கி வைத்துவிட்டு முதலாளி கதவடைக்கிறார். இயந்திரங்களை இரவோடிரவாக ஏற்றிச் செல்ல முயற்சி நடக்கிறது. தொழிலாளர்கள் உள்ளேயே தங்கிக் காவல் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் தொடக்கம் இப்படித்தான். இதில் கொள்கைப் பிடிப்பைவிடப் பயமே முதன்மையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லாத நாட்டில், 45 வயதுக்காரர் ஒருவர் அந்த வாயிலைத் தாண்டி வெளியே போனால் மறுபடி எந்த வாயிலுக்குள்ளும் நுழைய முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

தெற்கே நெயுக்கென் நகரில் உள்ள சனோன் பீங்கான் ஓட்டு ஆலையைத் தொழிலாளர்கள் 2001 அக்டோபரில் தம் பொறுப்பில் எடுத்து, 2002 மார்ச்சில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். வேலை நின்றிருந்த மாதங்களில் அருகிலுள்ள சிறைக் கைதிகள் தங்கள் உணவில் ஒரு பகுதியை அனுப்பினார்கள். மப்புச்சே பழங்குடி மக்கள் தங்கள் நிலத்திலிருந்து களிமண் எடுத்துக்கொள்ள இசைந்தார்கள். கைம்மாறாக ஆலையும் ஊருக்குத் திரும்பிக் கொடுத்தது. வேலையற்றோர் இயக்கத்திலிருந்து ஆட்களைச் சேர்த்து, தொழிலாளர் எண்ணிக்கையை ஏறத்தாழ 250இலிருந்து 450க்கு மேல் உயர்த்தியது. நுவேவா எஸ்பாஞா என்ற ஏழைக் குடியிருப்பில் பல ஆண்டுகளாக அரசிடம் கேட்டும் கிடைக்காத மருத்துவ மையத்தை 2005இல் கட்டிக்கொடுத்தது. வெளியேற்ற வந்த காவல்துறையின் முன் ஆயிரக்கணக்கானோர் ஆலையைச் சுற்றி நின்றதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கலே காரணம்.

தலைநகரின் சிலாவெர்ட் அச்சகத்தில் நடந்தது வேறு மாதிரி. காவலர்கள் வாசலில் நின்று எந்தப் பொருளும் வெளியே போகாமல் தடுத்தபோது, உள்ளே இருந்த எட்டுத் தொழிலாளர்கள் ஒரு புத்தகத்தை அச்சிட்டு முடித்து, பக்கத்து வீட்டுச் சுவரில் இட்ட துளை வழியாகப் பிரதிகளை வெளியே அனுப்பினார்கள். அந்தப் புத்தகம் பேட்டை அவைகளைப் பற்றியது. தன் சுவரை உடைக்க இசைந்த அந்த அண்டை வீட்டார் இல்லாவிட்டால் அச்சகமே இல்லை. 1998இலேயே மீட்கப்பட்ட இம்பா அலுமினிய ஆலையில் கலை மையமும், 2004 முதல் படிப்பை இடையில் விட்ட பெரியவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியும் இயங்கத் தொடங்கின. அந்தப் பள்ளி முறை பிறகு பல பேட்டைகளுக்கும் பரவியது.

இந்த ஆலைகள் நிலைத்ததற்கு மன உறுதியோடு சட்டமும் காரணம். 2002 மே மாதத்தில் திவால் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், தொழிலாளர் கூட்டுறவு அமைப்பு உற்பத்தியைத் தொடர நீதிபதி அனுமதிக்க வழி திறந்தது. மாநிலச் சட்டமன்றங்கள் ஆலைகளைப் பொதுநலன் கருதிக் கையகப்படுத்தித் தொழிலாளர்களிடம் ஒப்படைக்கச் சட்டம் இயற்றின; சனோனுக்கு அது 2009 ஆகஸ்டில்தான் கிடைத்தது. 2011இல் வந்த இன்னொரு திருத்தம் மிக முக்கியமானது: முதலாளி தரவேண்டிய சம்பள பாக்கியையும் பணிநீக்க இழப்பீட்டையும் ஈடாக வைத்து, ஆலையைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று அது சொன்னது. அதுவரை வராக்கடனாக இருந்த உழைப்பின் விலை, அதன்பின் உரிமைப் பத்திரமாக மாறக்கூடிய ஒன்றாயிற்று. 2010களின் நடுவில் நாட்டில் இத்தகைய தொழிலகங்கள் 300ஐத் தாண்டியிருந்தன. அவற்றில் 13,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள்.

நாட்டின் உழைப்பாளர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பழைய இயந்திரங்கள், வங்கிக் கடன் கிடைக்காமை, எகிறும் மின்சார, எரிவாயுக் கட்டணம் ஆகியவை இவற்றை எப்போதும் நெருக்கின. சட்டப்படி இவர்கள் சுயதொழில் செய்வோராகக் கருதப்பட்டதால் ஓய்வூதியமும் காப்பீடும் குறைந்தன. தலைநகரின் மையத்தில் 2003 முதல் தொழிலாளர்கள் நடத்திவந்த பவென் ஓட்டலுக்கு நாடாளுமன்றம் தந்த கையகப்படுத்தல் சட்டத்தை 2016 இறுதியில் குடியரசுத் தலைவர் மவுரிசியோ மக்ரி ரத்துசெய்தார்; கொரோனா தொற்றுக் காலத்தில் 2020இல் ஓட்டல் மூடப்பட்டது.

அதே மக்ரியின் பெயர், குப்பையிலிருந்து காகித அட்டை பொறுக்கி விற்போரின் வரலாற்றிலும் வருகிறது. பெசோ சரிந்ததும் இறக்குமதிக் காகிதக்கூழ் விலை ஏறி, பழைய அட்டைக்கு நல்ல விலை கிடைத்தது. மாலையானால் புறநகர்களிலிருந்து பல்லாயிரம் பேர் தள்ளுவண்டிகளோடு தலைநகருக்கு வந்தார்கள். ஹோசே லெயோன் சுவாரெஸ் என்ற புறநகரிலிருந்து அவர்களுக்கென்றே இருக்கைகள் அகற்றப்பட்ட ரயில் ஓடியது. ராணுவ ஆட்சிக் காலத்தில், 1977இல் போடப்பட்ட நகராட்சி விதியின்படி குப்பையில் பொறுக்குவது குற்றம். அப்போது தொழிலதிபராக இருந்த மக்ரி, இவர்கள் குப்பையைத் திருடுகிறார்கள் என்று 2002இல் பேட்டி கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நகரச் சட்டமன்றம் 992ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றி, தடையை நீக்கி, இவர்களை நகரத் தூய்மைப் பணியின் அங்கமாக ஏற்றது. கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. சீருடை, ஊக்கத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை படிப்படியாகப் போராடிப் பெறப்பட்டன. பின்னாளில் மக்ரி மேயரானபோது அவருடைய நிர்வாகமே இந்தச் சங்கங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2003இல் தொடங்கிய எலோய்சா கார்தோனேரா என்ற சிறு பதிப்பகம், பொறுக்குவோரிடமிருந்து சந்தை விலைக்கு மேல் கொடுத்து அட்டை வாங்கி, கையால் வண்ணம் தீட்டிய அட்டைகளோடு புத்தகங்களை வெளியிட்டது. அந்த முறை லத்தீன் அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் பரவியது.

அரசின் பங்கைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இத்தகைய கட்டுரைகளில் உண்டு, அது சரியல்ல. 2002 ஆகஸ்டில் வந்த சட்டம் மருத்துவர்கள் மருந்தை நிறுவனத்தின் வணிகப் பெயரால் மட்டும் குறிக்காமல் அதன் மூலப்பெயராலேயே எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அக்டோபரில் ஆரம்ப சுகாதார மையங்கள் வழியே இலவச மருந்து வழங்கும் திட்டம் தொடங்கியது. வழக்கமான காலத்தில் மருந்து நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி இவை நிறைவேறியிருக்குமா என்பது ஐயமே. ரொசாரியோ நகராட்சி அதே ஆண்டு வேலையற்றோருக்குத் தரிசாகக் கிடந்த நகர நிலத்தில் காய்கறி பயிரிட இடமும் விதையும் பயிற்சியும் தந்து, விற்பதற்குச் சந்தையும் அமைத்தது. நெருக்கடி தணிந்த பிறகும் நிலத்தைத் திரும்பப் பிடுங்காமல், நகரத் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கியதால் தோட்டங்கள் பிழைத்தன; 2021இல் உலக அளவிலான நகர மேம்பாட்டுப் பரிசு ஒன்று இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

ஆலை, அட்டை, தோட்டம் மூன்றிலும் ஒரே காரணத்தைக் காணலாம். உணர்ச்சி வேகத்தில் தொடங்கியது அது தணிவதற்குள் சட்ட உரிமையாகவும் ஒழுங்கான வருமானமாகவும் மாறிய இடங்களில் முயற்சி உயிரோடு இருந்தது. பண்டமாற்றுச் சீட்டுக்கும் தெருமுனை அவைக்கும் அந்த மாற்றம் வாய்க்கவில்லை.

இந்தக் கணக்கில் இன்னும் தீராத பாக்கி ஒன்று உண்டு. நம் ஊரில் நெசவாளர்கள் வேலையிழந்த காலங்களில் திறக்கப்பட்ட கஞ்சித்தொட்டிகளைப் போல, அர்ஜென்டினாவின் ஏழைப் பேட்டைகளில் பொதுச் சமையல் கூடங்கள் பெருகின. அவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பேட்டைப் பெண்கள். வீட்டிலும் சமைத்து, இங்கும் சமைத்து, பருப்புக்கும் விறகுக்கும் அவர்களே அலைந்தார்கள். நெருக்கடிக் காலத்து ஒற்றுமை என்று எழுதப்படுவதில் பெரும்பங்கு கூலி கொடுக்கப்படாத இந்த உழைப்புத்தான். ஆலைத் தொழிலாளிக்குக் கூட்டுறவு கிடைத்தது, அட்டை பொறுக்கியவருக்குச் சட்டம் கிடைத்தது. 2003க்குப் பின் பொருளாதாரம் வேகமாக மீண்ட ஆண்டுகளிலும், அதன்பின் வந்த புதிய சரிவுகளிலும், இந்தக் கூடங்கள் மட்டும் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரிலேயே தொடர்ந்தன. சமையல் கூடங்களில் உழைக்கும் பெண்களுக்குச் சட்டப்படி ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் அர்ஜென்டினாவின் நாடாளுமன்றத்தின் முன் வைத்துக்கொண்டிருந்தார்கள்.